கொண்டை இடிக்கிற கூரை

விலை உயர்ந்த வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி? லம்போர்கினி உருஸ் என்றால் 3.6. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிஎல்இ 53 கூபே என்றால் ஐந்து சொச்சம். புதுச்சத்திரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற எனக்கு வருகிற சந்தேகம் வேறு. அந்த 100-லிருந்து மறுபடி பூஜ்ஜியத்துக்கு வர எத்தனை மீட்டர் வேண்டும்? எங்கள் ஊர் வழியாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓடுகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் உயிர் நிற்பது இந்த இரண்டாவது கணக்கில்தான்.

நான் லாரிக்காரன். கிளீனராக ஏறினேன், டிரைவரானேன், பிறகு கடனை வாங்கிச் சொந்த வண்டி போட்டேன். சொகுசுக் காரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், என் அக்கா மகன்தான் பதில் சொல்ல வேண்டும். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். போன மாதம் வந்து, "மாமா, ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கறனுங்க. நீங்க ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லிட்டீங்கன்னா முடிச்சுரலாம்" என்றான். பழைய வண்டி, ஆனால் பளபளவென்று இருந்தது. ஜெர்மன்காரன் செய்தது. ஆறு சிலிண்டர், 400 குதிரைக்கு மேல். முன்னால் பார்த்தால் ஜீப் மாதிரி உயரம். நடுவில் ஏறி, பின்னால் வழுக்கி இறங்குகிற கூரை. கூபே எஸ்யூவி என்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போவது அந்த வகை வண்டிக்கே பொருந்தும்.

இந்த வகைக்கு வயது இருபதுதான். தென்கொரியாவின் சாங்யாங் கம்பெனி 2005-ல் ஆக்டியான் என்று ஒன்றை விட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2008-ல் பிஎம்டபிள்யூ அதே யோசனையை எக்ஸ்6 என்ற பெயரில் கொண்டுவந்தபோது சிரிப்பு நின்றது, வரிசை நீண்டது. 2015-ல் மெர்சிடிஸ் வந்தது. 2017 டிசம்பரில் உருஸைக் காட்டினார்கள். அடுத்த மாதமே அது 3 கோடி விலையில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிறகு போர்ஷே கேயென் கூபே, ஆடி ஆர்எஸ் க்யூ8. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உருஸ், ஆர்எஸ் க்யூ8, கேயென் மூன்றும் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் ஒரே அடித்தளத்தில் கட்டியவை. எங்கள் நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒரே சேஸிஸை வாங்கி ஒருவருக்கு டேங்கரும் இன்னொருவருக்கு முட்டை லாரியும் கட்டிக் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

எங்கள் வட்டாரத்தில் வண்டியை எடைபோடும் முறை வேறு. பாடி கட்டும் பட்டறையில் ஒவ்வொரு அங்குலமும் வாடகை. பின்பக்கத்தை அழகுக்காகச் சரித்துக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பாடி பில்டர் சொன்னால், அட்வான்ஸ் கொடுத்தவர் அன்றைக்கே வேறு பட்டறைக்குப் போய்விடுவார். இங்கே அந்தச் சரிவுக்குத்தான் கூடுதல் பணம் கேட்கிறார்கள். எக்ஸ்5-க்கும் எக்ஸ்6-க்கும் உள்ளே இருக்கிற இயந்திரம் ஏறக்குறைய ஒன்றே. எக்ஸ்5-ன் டிக்கியில் 650 லிட்டர் இடம், எக்ஸ்6-ல் 580. கூரை உயரம் ஐந்து சென்டிமீட்டர் குறைவு. முதல் எக்ஸ்6 வந்தபோது பின்னால் இரண்டு பேருக்குத்தான் இருக்கை. இடத்தைக் குறைத்து விலையை ஏற்றுகிற வித்தையை எங்கள் லாரி மார்க்கெட் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஐந்து சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்கா பின்சீட்டில் ஏறும்வரைக்கும். அவள் கோயிலுக்குக் கிளம்பியிருந்தாள். கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றிக் கனகாம்பரமும் மல்லியும் வைத்திருந்தாள். வண்டியின் தரை உயரம், ஆகவே காலைத் தூக்கி ஏற வேண்டும். கூரை தாழ்வு, ஆகவே அதே சமயம் தலையைக் குனிய வேண்டும். மூட்டுவலிக்காரி இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி? ஒரு கையால் முன்சீட்டைப் பிடித்தாள், இன்னொரு கையால் முழங்காலைத் தூக்கி வைத்தாள், கடைசியில் கொண்டை கதவு விளிம்பில் இடித்துப் பூ கீழே விழுந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் கொண்டை கூரையைத் தொட்டது. கழுத்தை முன்னால் நீட்டியபடியே, "ஏந்தம்பி, இத்தனை காசு குடுத்து இப்பிடிக் குனிஞ்சு கெடக்கோணுமா?" என்றாள். மகன் காதில் விழாத மாதிரி ஏசியைக் கூட்டினான்.

சோதனை ஓட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்சீட்டில்தான் உட்காருகிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறவர்களும் அப்படியே. முன்சீட்டில் இந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. ராஜா மாதிரி உட்காரலாம். ஆனால் நம் வீடுகளில் கார் வாங்குவதே பின்சீட்டுக்காக. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு விசேஷத்துக்குப் போக. தோல் இருக்கையும் பதினைந்து ஸ்பீக்கரும் இருந்து, பெரியவர்கள் ஏறி இறங்கத் திண்டாடினால் அந்த வண்டிக்கு என்ன மதிப்பெண் போடுவது?

பின்கண்ணாடி இன்னொரு குறை. கூரை சரியச் சரிய, கண்ணாடி தபால்பெட்டியின் வாய் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பண்ணைக்குள் முட்டை லாரி ஏற்றிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி ரிவர்ஸ் எடுத்தேன். உள்கண்ணாடியில் பின்சீட்டின் தலையணையும் ஒரு பட்டை வானமும் தெரிந்தன. கேமரா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் பண்ணை வாசலில் சக்கரம் நனைக்கிற கிருமிநாசினித் தொட்டியைத் தாண்டி, மண்பாதையில் புழுதி பறக்க வந்த பிறகு அதில் எல்லாமே பனிமூட்டம். லோடு ஏற்றுகிற பையன் "வாங்க, வாங்க, வாங்க, போதும்" என்று பின்பக்கத்தைத் தட்டியதுதான் கடைசியில் உதவியது.

இனி, பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். கொல்லிமலைக்கு எடுத்துப் போனோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் போட்டு வைத்திருப்பார்கள். ஏற்றத்தில் 400 குதிரை என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான். ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவு முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இரண்டு மீட்டர் அகல வண்டியை அந்தப் பாதையில் அப்படி ஓட்டுவது எனக்குச் சரிப்படவில்லை, மெதுவாகவே ஏறினேன். நான் பார்க்க விரும்பியது இறக்கத்தை.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரனுக்கு முதல் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறி லைனர் புகையும், அதற்குப் பிறகு பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. இந்த வண்டியில் வேண்டுமென்றே பாதி மலைவரை கியரைத் தொடாமல் பிரேக்கிலேயே இறக்கினேன். பெடல் கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்த உயரத்திலேயே நின்றது. வாடை இல்லை, நடுக்கம் இல்லை. இரண்டேகால் டன் இரும்பு, சொன்ன இடத்தில் நின்றது. இறங்கி நின்று சக்கரத்தின் இடுக்கு வழியாக டிஸ்க்கைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. உருஸில் முன்பக்க டிஸ்க்கின் விட்டம் 440 மில்லிமீட்டர். கார்பன் செராமிக், அதைப் பிடிக்க ஒரு காலிப்பரில் பத்து பிஸ்டன். அந்த விலையில் ஒரு பங்குக்காவது நியாயம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்கிற இடம் இதுதான். விளம்பரத்தில் இதை யாரும் காட்டுவதில்லை. சைலன்ஸர் உறுமுவதைக் காட்டுகிறார்கள்.

பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர். இங்கேதான் ஜெர்மனியும் புதுச்சத்திரமும் பிரிகின்றன. ஆர்எஸ் க்யூ8-க்கு 23 அங்குலச் சக்கரம் போட்டால் வருகிற டயரின் அளவு 295/35. எங்கள் லாரிக்குப் போடுகிற ரேடியல் டயர்களில் ஒன்று 295/90. இரண்டுக்கும் அகலம் ஒன்றே, 295 மில்லிமீட்டர். ஆனால் லாரி டயரின் பக்கச்சுவர் 265 மில்லிமீட்டர் உயரம், அந்தக் காருக்கு 103. விரல் நாலும் கட்டைவிரலும் சேர்த்து வைத்தால் முடிந்தது. வேகமாக வளைக்கும்போது டயர் மடங்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், ஆட்டோபானில் அது சரி. சர்வீஸ் ரோட்டில் மழைநீர் தேங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இறங்குகிறவனுக்கு, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அந்த நாலு அங்குல ரப்பர் மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்த அளவு டயர் நாமக்கல்லில் எத்தனையோ டயர் கடை இருந்தும் கையிருப்பில் கிடைக்காது. மாப்பிள்ளையிடம், வண்டி விலையைக் கேட்குமுன் டயர் விலையைக் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடலாம், சீக்கிரமாக. ஜிஎல்இ 53 கூபே 2024 ஆகஸ்டில் புதுப்பித்து வந்தபோது ஷோரூம் விலை 1.85 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், ஆக வரி மட்டுமே 37 லட்சத்தைத் தொடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. பெரிய எஸ்யூவிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது. லாரிக்கு 28-லிருந்து 18. அவர்களுக்கும் பத்து, எங்களுக்கும் பத்து. சமதர்மம்தான்! எங்கள் லாரி, 200 குதிரையை வைத்துக்கொண்டு 28 டன்னை இழுக்கிறது. உருஸ் 650 குதிரையை வைத்துக்கொண்டு நாலு பேரை இழுக்கிறது. பணம் அவரவர் சம்பாதித்தது, அதில் எனக்குப் பொறாமை இல்லை. சரிந்த கூரைதான் அந்தஸ்து என்று யாராவது நினைத்தால் மட்டும் ஒன்று சொல்வேன். 2024-ல் வந்த சிட்ரோயன் பசால்ட்டுக்கும் அதே கூரைதான். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் செய்கிறார்கள், வந்தபோது ஆரம்ப விலை 8 லட்சத்துக்குள். டாடா கர்வ் அதே வருடம். மகிந்திரா பிஇ 6 அதே வருடம் நவம்பரில் சென்னையில் அறிமுகமானது. கூரையின் சரிவு இன்றைக்குத் தெருவுக்கு நாலு.

என்னை உறுத்துவது வேறொன்று. என் லாரியில் ஸ்பீடு கவர்னர் இருக்கிறது. 80-க்கு மேல் போகாதபடி பூட்டு. சட்டம் சொல்கிறது, சரிதான். நான் அதை எதிர்க்கவில்லை. அதே ரோட்டில் என்னைத் தாண்டிப் போகிற உருஸின் உச்ச வேகம் 305. அதற்குப் பூட்டு கிடையாது. 2019-லிருந்து வரும் கார்களில் 80-ஐத் தாண்டினால் ஒரு மணி அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும், அவ்வளவுதான். பாட்டுச் சத்தத்தில் அதுவும் கேட்காது. நாலுவழிச் சாலையில் காருக்கு 100 தான் வரம்பு. விரைவுச்சாலையில் 120 வரை போகலாம் என்று மத்திய அரசு 2018-ல் போட்ட அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. ஆக இந்த வண்டியின் திறமையில் பாதிக்கு மேற்பட்டதை எந்த ரோட்டிலும் சட்டப்படி உபயோகிக்க வழியில்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டுச் சும்மா வைத்திருப்பார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் வந்த சாவு. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இதில் பெரும்பாலானவை விலை உயர்ந்த வண்டிகள் செய்தவை அல்ல, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் வேகம் இரட்டித்தால் பிரேக் போட்டு நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும் என்ற கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்று. எங்கள் பக்கத்தில் மீடியன் இடைவெளியில் எவன் எப்போது குறுக்கே வருவான் என்று சொல்ல முடியாது. எதிர்த்திசையில் பால் கேன் கட்டிய மொபெட் வரும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் கரும்போடு முன்னால் போகும். 440 மில்லிமீட்டர் டிஸ்க் இருந்தாலும், 180-ல் வருகிறவனுக்கு அந்த டிராக்டர் கண்ணில் படும்போதே நேரம் முடிந்திருக்கும்.

லாரிக்கு உரிமம் எடுப்பதற்கு ஒருவன் முதலில் ஒரு வருடமாவது இலகு ரக உரிமம் வைத்திருக்க வேண்டும். பிறகு ஹெவி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, மருத்துவச் சான்று. 80-க்கு மேல் போகாத வண்டிக்கு இத்தனை. 650 குதிரை உள்ள காருக்கு? எட்டு போட்டுக் காட்டினால் போதும். பழைய சின்ன மாருதியில் எட்டுப் போட்ட அதே கார்டு இதற்கும் செல்லும். லம்போர்கினி பிறந்த இத்தாலியில் அப்படி இல்லை. அங்கே புதிதாகக் கார் உரிமம் எடுத்தவர் முதல் மூன்று வருடத்துக்கு 105 கிலோவாட்டுக்கு மேல், அதாவது சுமார் 140 குதிரைக்கு மேல் திறனுள்ள காரை ஓட்டக் கூடாது. ஒரு வருடமாக இருந்ததை 2024 கடைசியில் மூன்று வருடமாக்கினார்கள். அந்த வண்டியைச் செய்கிற ஊர்க்காரனுக்கே அதை யார் கையில் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. வாங்குகிற நமக்குத் தெரியவில்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே இடித்து, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். நாடு முழுக்கக் கொதித்தது. சட்டத்தில் இந்தக் குதிரைத்திறன் விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது. போக்குவரத்துத் துறை இங்கேயும் அப்படி ஒரு வரம்பு கொண்டுவரப் புது ரோடு போட வேண்டியதில்லை. உரிம அட்டையில் ஒரு பிரிவு, ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு தனித் தேர்வு.

மாப்பிள்ளைக்கு என் தீர்ப்பைச் சொன்னேன். இயந்திரம் முதல்தரம், பிரேக் முதல்தரம், முன்சீட்டு முதல்தரம். பின்சீட்டில் உன் அம்மாவுக்கு இடமில்லை, டயர் நம் ரோட்டுக்கு ஆகாது. அதே கம்பெனியில் கூரை நேராக உள்ள வண்டி இருக்கிறது, சின்னச் சக்கரத்தோடு அதை எடு. எதை எடுத்தாலும், லைசன்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆன உன் மகனிடம் மூன்று வருடத்துக்குச் சாவியைக் கொடுக்காதே.

அவன் சிரித்தான். "அவனுக்காகத்தானுங்க மாமா வாங்கறதே."

அப்படியானால் எந்தக் கூரையும் வேண்டாம் மாப்ளே, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.